சிலிண்டரில் நல்லியல்பு வாயுச் சமன்பாட்டை எப்போது நம்பலாம்?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் 10 லிட்டர் கார்பன் டைஆக்சைடு சிலிண்டர் இருக்கிறது. வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ், அழுத்தம் 57 பார். நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் (PV = nRT; மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பும் இல்லை, அவை இடமும் அடைப்பதில்லை என்று கொள்வது) கணக்கிட்டால் உள்ளே 1 கிலோ என்று வருகிறது; நிறுத்துப் பார்த்தால் 6 கிலோ. 150 பாரில் உள்ள நைட்ரஜன் சிலிண்டருக்கோ அதே சமன்பாடு ஏறத்தாழச் சரியான விடை தருகிறது. குறைந்த அழுத்தத்தில்தானே வாயுக்கள் நல்லியல்பாக நடந்துகொள்ளும்?

பதில்: "குறைந்த அழுத்தம், உயர்ந்த வெப்பநிலை" என்ற பாடம் சரியானதுதான். ஆனால் எதைவிடக் குறைவு, எதைவிட உயர்வு என்று கேட்காவிட்டால் அது உதவாது. ஒவ்வொரு வாயுவுக்கும் அதன் நிலைமாறு வெப்பநிலையும் (இதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது) நிலைமாறு அழுத்தமுமே (அந்த வெப்பநிலையில் திரவமாக்கத் தேவையான அழுத்தம்) அளவுகோல். கார்பன் டைஆக்சைடின் நிலைமாறு வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸ். உங்கள் சிலிண்டர் அதற்குக் கீழே இருப்பதால் உள்ளிருப்பதில் பெரும்பகுதி திரவம்! வாயுச் சமன்பாட்டுக்கு அங்கே வேலையே இல்லை. திரவத்தின் மேல் நிற்கும் ஆவிகூட லிட்டருக்கு 194 கிராம் இருக்கும். சமன்பாடு சொல்வதோ 103 கிராம்தான். மூலக்கூறுகளின் ஈர்ப்பு அவற்றை அவ்வளவு நெருக்கிவிடுகிறது.

நைட்ரஜனின் நிலைமாறு வெப்பநிலை 126 கெல்வின். அறை வெப்பநிலை அதைப்போல் இரு மடங்குக்கும் மேல், அதனால் ஈர்ப்பு பெரிதாக வெல்வதில்லை. ஆனாலும் 150 பாரில் கிடைத்த பொருத்தத்தை நல்லியல்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈர்ப்பு அழுத்தத்தைக் குறைக்கிறது, மூலக்கூறுகள் அடைத்துக்கொள்ளும் இடம் அதைக் கூட்டுகிறது. இரண்டு பிழைகளும் அங்கே ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்கின்றன, அவ்வளவே. ஹைட்ரஜனில் இந்த ஈடு கிடைக்காது. 700 பாரில், 15 டிகிரியில், சமன்பாடு லிட்டருக்கு 59 கிராம் என்று சொல்லும். உண்மையில் இருப்பது ஏறக்குறைய 40 கிராம். டச்சு இயற்பியலாளர் வாண்டர் வால்ஸ் 1873இல் தம் சமன்பாட்டில் சேர்த்த இரண்டு திருத்தங்களும் இந்த ஈர்ப்புக்கும் இடத்துக்கும் உரியவையே.

நான் கைக்கொள்ளும் வரம்பு இது: கெல்வினில் வெப்பநிலை நிலைமாறு வெப்பநிலையைப்போல் இரு மடங்குக்கு மேலும், அழுத்தம் நிலைமாறு அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள்ளும் இருந்தால் பிழை 1 சதவீதத்தைத் தொடாது. வளிமண்டல அழுத்தத்தில், 25 டிகிரியில், நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் பிழை 0.1 சதவீதத்துக்கும் குறைவு. கார்பன் டைஆக்சைடுக்கு அரை சதவீதம். 100 டிகிரி நீராவியில் ஒன்றரை சதவீதம் வந்துவிடும், ஏனென்றால் அது திரவமாகும் விளிம்பிலேயே நிற்கிறது. வரம்புக்கு வெளியே போனால் அந்த வாயுவின் அடர்த்தி அட்டவணையைப் பாருங்கள். அதிக அழுத்தத்தில் வாண்டர் வால்ஸ் சமன்பாடும் தோராயமாகவே பொருந்தும்.

உங்கள் சிலிண்டரை எடை பார்த்தே அளவிடுங்கள். திரவம் இருக்கும்வரை, வெப்பநிலை மாறாதிருந்தால், மானி 57 பாரிலேயே நிற்கும். முள் இறங்கத் தொடங்கும்போது உள்ளே ஏறக்குறைய 2 கிலோதான் மீதியிருக்கும். மாற்றுச் சிலிண்டருக்கு அப்போதே சொல்லிவிடுங்கள்.