எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. பூச்சி என்ன செய்கிறது? (கேள்வி பதில்)

பூச்சிகளின் உடலியலில் பல வருஷம் ஆய்வகத்தில் கழித்தவள் நான். பூச்சியின் உடம்புக்குள் மெழுகு, ஹார்மோன், ஃபெரமோன் (தன் இனத்தை அழைக்கும் வாசனைப் பொருள்) எல்லாம் எப்படிப் பயணிக்கின்றன என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

கேள்வி (விலங்கியல் மாணவி): மேடம், பூச்சிக்கு நம்மைப் போல ரத்தக் குழாய்கள் கிடையாது என்று படித்தோம். அப்புறம் ஒரு இடத்தில் சுரப்பது இன்னொரு இடத்துக்கு எப்படிப் போகும்?

குழாயே இல்லை என்று சொல்லிவிட முடியாது. முதுகை ஒட்டி நீளமாக ஒன்று ஓடுகிறது; அதன் பின்பாதிதான் இதயம். அது ரத்தத்தைத் தலைப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிடும். அதற்குப் பிறகு குழாய் கிடையாது. குடல், தசை, சுரப்பி எல்லாமே ரத்தத்தில் ஊறிக்கொண்டிருக்கும். அதனால் போய்ச் சேர்வதில் சிக்கல் இல்லை, கரைவதில்தான் சிக்கல். பூச்சி சுரப்பதில் பல ஹைட்ரோகார்பன்கள், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்தவை. அவை மெழுகு மாதிரி, ரத்தமோ தண்ணீர். ரசத்தில் விட்ட நெய் மேலே மிதக்கிற கதைதான்.

இதற்குப் பூச்சி கண்ட வழி லிப்போஃபோரின். உள்ளே கொழுப்பு, வெளியே புரதமும் பாஸ்போலிப்பிடும் (ஒரு முனை தண்ணீரோடு ஒத்துப்போகும் கொழுப்பு) போர்த்திய நுண்ணிய உருண்டை அது. பெரிய புரதம் ஒன்று, சிறிய புரதம் ஒன்று, இரண்டும் எப்போதும் கூடவே இருக்கும். ஜப்பானைச் சேர்ந்த ஹருவோ சினோவும் அவரோடு வேலை செய்தவர்களும் இதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்ததிலிருந்துதான் இந்தத் துறையே சூடுபிடித்தது.

அதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். வெட்டுக்கிளியின் ரத்தத்தைப் பொட்டாசியம் புரோமைடு கரைசலோடு சேர்த்து அதிவேகச் சுழற்றியில் மணிக்கணக்கில் ஓடவிடுவோம். குழாயை வெளியே எடுத்தால் மற்ற புரதங்கள் கீழே தங்கியிருக்கும். மேலே தனியாக ஒரு மஞ்சள் வளையம் மிதக்கும். தின்ற இலையிலிருந்து வந்த கரோட்டினாய்டு என்ற நிறமி அதில் ஏறியிருப்பதால்தான் மஞ்சள். முதல் தடவை பார்த்த அன்று குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றது ஞாபகம் இருக்கிறது.

கேள்வி (ரத்தப் பரிசோதனைக் கூட ஊழியர்): அப்படியென்றால் நம் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் மாதிரிதானே?

உறவுக்காரர்கள்தான், ஆனால் நடத்தை வேறு. நம் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் உருண்டைதான் எல்.டி.எல்.; நம் செல் அதை வாசலில் பிடித்து அப்படியே விழுங்கி, உள்ளே உடைத்துவிடும். பார்சலோடு வண்டியையும் வீட்டுக்குள் இழுத்துக்கொள்வது போல. பூச்சியில் பெரும்பாலும் அப்படி இல்லை. லிப்போஃபோரின் ஒரு ஷேர் ஆட்டோ. குடல் பக்கம் கொழுப்பு ஏறும், தசையில் இறங்கும், வழியில் வேறொருவர் ஏறுவார். வண்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். வளரும் முட்டை ஒரு விதிவிலக்கு: பல பூச்சிகளில் அது வண்டியையும் சேர்த்தே விழுங்கும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நம் ரத்தத்தில் கொழுப்பு டிரைகிளிசரைடாக (மூன்று கொழுப்பு அமிலம் சேர்ந்தது) போகிறது. பூச்சியில் முக்கியமாக டைகிளிசரைடாக (இரண்டு சேர்ந்தது). வெட்டுக்கிளி நெடுந்தூரம் பறக்கும்போது மூளைக்குப் பின்னால் உள்ள கார்ப்போரா கார்டியாக்கா சுரப்பி ஒரு ஹார்மோனை விடும். உடனே கொழுப்புத் திசு டைகிளிசரைடை அள்ளிக் கொடுக்கும். வண்டியில் இடம் போதாமல் அபோலிப்போஃபோரின் 3 என்ற குட்டிப் புரதங்கள் பல வந்து ஒட்டிக்கொள்ளும்; உருண்டை பெருத்து, அடர்த்தி குறையும். பாரத்தை இறக்கியதும் குட்டிகள் கழன்றுவிடும், பழைய உருண்டை மறுபடி கொழுப்புத் திசுவுக்கே திரும்பும்.

கொலஸ்ட்ரால் பற்றி ஒரு வரி: பூச்சியால் அதைத் தானாகத் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில் கிடைத்தால்தான் உண்டு. அதுவும் இதே வண்டியில்தான் வருகிறது.

கேள்வி (இல்லத்தரசி): கரப்பான் ஏன் எப்போதும் எண்ணெய் தடவின மாதிரி மினுக்குகிறது? பயறில் சாம்பல் கலந்து வைத்தால் வண்டு ஏன் அண்டுவதில்லை?

இரண்டுக்கும் ஒரே விடை, அம்மா. அந்த மினுக்கு ஹைட்ரோகார்பன் பூச்சு. சின்ன உடம்பு சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் தண்ணீர் வெளியேறாமல் மேலே மெழுகு பூசியிருக்கிறது. அமெரிக்கக் கரப்பானில் (நம் ஊர்ச் சாக்கடைகளில் ஓடும் பெரிய செம்பழுப்புக் கரப்பானுக்கு அதுதான் பெயர், ஊர் அமெரிக்கா இல்லை) இந்தப் பூச்சில் பெரும்பங்கு 27 கார்பன் கொண்ட ஒரே ஒரு சேர்மம். அது உருவாவது ஈனோசைட் என்ற செல்களில். அங்கிருந்து லிப்போஃபோரினில் ஏறி, மேல்தோலுக்கு வந்து, நுண்ணிய கால்வாய்கள் வழியாக வெளியே கசியும்.

சாம்பலோ வேறு நுண்துகளோ அந்த மெழுகை உரசியும் உறிஞ்சியும் எடுத்துவிடும். ஓட்டை விழுந்த பானை மாதிரி உடம்பிலிருந்து தண்ணீர் போய், வண்டு காய்ந்து சாகும். சாம்பல் வேலை செய்வதற்கு இது முக்கியக் காரணம். பயறு ஈரமாக இருந்தால் பலிக்காது.

கேள்வி (பருத்தி விவசாயி): வணக்கம் அம்மா. இனக்கவர்ச்சிப் பொறியில் வைக்கிற மருந்து பெண் அந்துப்பூச்சியின் ரத்தத்திலேயே ஓடுமா?

வணக்கம் ஐயா. நீங்கள் பிடிக்கிற காய்ப்புழு அந்துப்பூச்சிகளில் ஓடாது. வாசனை உருவாவது வயிற்று நுனிச் சுரப்பியிலேயே. ரத்தம் வழியாக வருவது “ஆரம்பி” என்ற உத்தரவுதான். அதன் பெயர் பி.பி.ஏ.என்., 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஹார்மோன். தலைக்குள் உணவுக்குழலுக்குக் கீழே இருக்கிற நரம்புமுடிச்சில் தயாராகிறது. 1984-இல் அசோக் ரெய்னாவும் ஜெரோம் கிளனும் மக்காச்சோளக் கதிர்ப்புழுவின் அந்துப்பூச்சியில் இப்படி ஒரு மூளை ஹார்மோன் இருப்பதைக் காட்டினார்கள். அது தண்ணீரில் கரையும் பெப்டைடு (சிறிய புரதத் துண்டு), அதற்கு ஆட்டோ வேண்டாம்.

ஆனால் எல்லா அந்துப்பூச்சியும் இப்படி இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வட அமெரிக்காவில் ஹோலோமெலினா என்ற புலி அந்துப்பூச்சி உண்டு. அதன் ஃபெரமோன் மெத்தில்ஹெப்டாடெக்கேன், அதாவது அதுவும் ஒரு ஹைட்ரோகார்பன்தான். உருவாவது ஈனோசைட்டில், மேனி மெழுகு உருவாகும் அதே இடத்தில். ஏறுவதும் அதே லிப்போஃபோரினில். 1998-இல் கோபி ஷால் குழுவினர் பார்த்தபோது, குட்டையான ஃபெரமோன் சுரப்பிக்குப் போகிறது, நீளமான மெழுகு மேல்தோலுக்குப் போகிறது. இடம் மாறி இறங்குவதில்லை. மாறினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்: உடம்பு முழுக்க வாசனை கசிந்து, அழைக்காத நேரத்திலும் ஆண்கள் வந்து நிற்பார்கள்!

ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போய்க் காடுகளை மொட்டையடித்த ஜிப்சி அந்துப்பூச்சி இன்னொரு தினுசு. அங்கே வண்டியில் வருவது முழுமையடையாத சரக்கு. சுரப்பியில் இறங்கிய பிறகுதான் அதில் ஆக்சிஜன் சேர்ந்து டிஸ்பார்லூர் என்ற ஃபெரமோன் ஆகிறது. மாவை அரைத்து அனுப்பிவிட்டு, கடையில் வைத்து தோசை சுடுவது போல.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்): இளமை ஹார்மோனை ரத்தத்தில் சுமப்பது எது? ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கிறது.

புழு வளர்ந்த பூச்சியாக மாறிவிடாமல் தடுத்து வைப்பதுதான் இளமை ஹார்மோன். இரண்டு புத்தகமும் சரியாக இருக்கலாம், பூச்சி எது என்பதைப் பொறுத்து. கரப்பானிலும் ஈயிலும் லிப்போஃபோரின். அந்துப்பூச்சிப் புழுக்களில் இதற்கென்றே ஒரு சின்னத் தனிப் புரதம். வெட்டுக்கிளியில் ஹெக்ஸமெரின் வகைப் பெரிய புரதம் ஒன்று. வேலை ஒன்றுதான்: எண்ணெய்த்தன்மை கொண்ட அந்த ஹார்மோன் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளாமலும், வழியில் நொதிகளிடம் மாட்டிச் சிதையாமலும் பார்த்துக்கொள்வது. எவ்வளவு எண்ணெய்த்தன்மை என்றால், 1956-இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் கேரல் வில்லியம்ஸ் செக்ரோப்பியா என்ற இனத்தின் ஆண் அந்துப்பூச்சிகளின் வயிற்றிலிருந்து ஈதரால் பிரித்தபோது பொன்னிற எண்ணெயாகவே கிடைத்தது.

கேள்வி (பட்டுப்புழு வளர்ப்பவர்): புழு ஒரே சமயத்தில் பழுத்துக் கூடு கட்ட, எக்டைசோன் மருந்தை இலையில் தெளித்துக் கொடுக்கிறோம். அதுவும் இந்த வண்டியில்தான் போகிறதா?

அதற்கு இந்த வண்டி தேவையில்லை. பூச்சியைத் தோலுரிக்க வைக்கும் ஹார்மோனான எக்டைசோன் ஸ்டீராய்டுதான் (கொலஸ்ட்ரால் வகையறா) என்றாலும், தண்ணீரோடு ஒட்டும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய இருப்பதால் ரத்தத்தில் ஓரளவு தானாகவே கரையும். செல்லுக்குள் போகத்தான் கதவு வேண்டும். அந்தக் கதவுப் புரதத்தைப் பழ ஈயில் 2018-இல் கண்டுபிடித்தார்கள். இந்த ஹார்மோனை முதலில் பிரித்தெடுத்ததே உங்கள் பட்டுப்புழுவிலிருந்துதான்: 1954-இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் பூட்டெனான்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ கூட்டுப்புழுவை வடித்து 25 மில்லிகிராம் படிகம் எடுத்தார்கள்.

மஞ்சள் கூட்டின் நிறம் மட்டும் நம் வண்டியில் வருவது. மல்பெரி இலையின் கரோட்டினாய்டு குடலில் ஏறி, ரத்தத்தை மஞ்சளாக்கி, பட்டுச் சுரப்பியில் இறங்குகிறது. ஏற்றிவிட ஒரு மரபணு, இறக்கிவிட ஒரு மரபணு. முதலாவது கெட்டிருந்தால் ரத்தமே நிறமற்றது. இரண்டாவது மட்டும் கெட்டிருந்தால் ரத்தம் மஞ்சள், கூடு வெள்ளை. அடுத்த தொகுதி வளர்க்கும்போது ஒரு புழுவின் காலில் மெல்லக் கீறி, சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவன்): மேடம், குட்டிக் கரப்பான் பொரிந்ததும் வெள்ளையாக இருக்கிறதே, அதற்கு மெழுகு எங்கிருந்து வரும்?

நல்ல கேள்வி தம்பி. ஜெர்மன் கரப்பானில் இதைப் பார்த்திருக்கிறார்கள். தாய் தன் ஹைட்ரோகார்பனில் ஒரு பெரும் பங்கை லிப்போஃபோரினில் ஏற்றி முட்டைக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது. வெள்ளையாக வெளியே வரும் குட்டியின் மேல் இருப்பதில் ஒரு பகுதி அம்மா பூசிவிட்டது.