பதினோரு நாள் பாக்கியை மறந்துவிடுங்கள்

கேள்வி: ஐயா, ஜனவரியில் எங்கள் சபையில் கொடுத்த ஒரு வருட அட்டவணைப்படி வேதம் வாசித்து, தினமும் நோட்டில் எழுதி வருகிறேன். லேவியராகமத்தில் 11 நாள் விட்டுப்போய்விட்டது. நோட்டைப் புரட்டினால் பார்த்தெழுதிய வசனங்கள்தான் இருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிரதர் 180 வெள்ளிக்கு ஜர்னல் செட்டும் வகுப்பும் தருகிறார். 50 வெள்ளி கட்டிவிட்டேன். மீதியைக் கட்டலாமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

கட்டாதீர்கள், சகோதரி. மற்றதை அப்புறம் பேசலாம்.

நம் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வருடத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். 11 நாள் விட்டால் சுமார் 36 அதிகாரம் பாக்கி. காலையில் கேடிஎம் ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவர் அதை எப்போது அடைப்பது? நிறுத்திய இடத்திலிருந்தே வாசியுங்கள். டிசம்பரில் முடியாவிட்டால் அடுத்த மார்ச்சில் முடியட்டும்.

இப்படிப்பட்ட அட்டவணைகளில் பேர்பெற்ற ஒன்றை 1842இல் ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செயின் தம் சபையாருக்காகப் போட்டார். அதிலேயே அவர் ஆபத்துகளையும் எழுதி வைத்தார்: வாசிப்பு வெறும் சடங்காகலாம், முடித்தவனுக்குத் தன்னைப்பற்றிப் பெருமை வரலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம். நம் சபைகள் அட்டவணையை மட்டும் நகல் எடுத்துக்கொண்டன. வருடக் கடைசியில் "முடித்தவர்கள் கை தூக்குங்கள்" என்கிறார்கள், சான்றிதழும் உண்டு. என்ன புரிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இனி நோட்டு. தேதி, வாசித்த பகுதி, அதில் யார் யாருக்கு என்ன செய்கிறார் என்று உங்கள் பேச்சில் ஒரு வரி, உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி. இவ்வளவு போதும். லேவியராகமம் 19இல் வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் (அந்நிய நாட்டானுக்கும்) விடச் சொல்லியிருக்கிறது. "ஓரத்தை விடச் சொல்கிறார். வயல் இல்லாத நான் எதை விடுவது?" என்று எழுதுங்கள். பதில் அன்றே வர வேண்டியதில்லை. பிறகு ரூத் 2ஆம் அதிகாரத்தில், போவாஸின் வயலில் அந்நிய நாட்டுப் பெண்ணான ரூத் கதிர் பொறுக்குவதை வாசிக்கும்போது பழைய பக்கத்தைத் திருப்பி "ரூத் 2 பார்க்க" என்று ஓரத்தில் குறியுங்கள். இந்தத் திரும்பிப் பார்ப்புக்காகத்தான் நோட்டே.

வசனத்தைப் பார்த்தெழுதுவது பொதுவாக வீண் வேலை. கை ஓடும், மனம் வேறெங்கோ இருக்கும். ஆனால் ஒரு சாரார் விஷயம் வேறு. தேசியப் பள்ளியில் மலாயில் படித்துவிட்டு, தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அவர்கள் பார்த்தெழுதட்டும். அவர்களுக்கு அந்த வேகம்தான் வாசிப்பின் வேகம். உபாகமம் 17இல் ராஜாவே நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசேயின் சட்டத்தை, தனக்காக ஒரு பிரதி எழுதி, ஆயுள் முழுக்க வாசிக்க வேண்டும் என்றிருக்கிறது. அப்படி எழுதுகிறவரை "காப்பி அடிக்கிறார்" என்று கேலி செய்யாதீர்கள். நாளுக்கு நாலைந்து வசனம் எழுதி, கீழே ஒரு வரி சொந்தமாக, மலாய் கலந்தாவது, எழுதினால் போதும். நீங்கள் சரளமாக வாசிக்கிறவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. உங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

அந்த ஜர்னல் செட்டுக்கு வருகிறேன். அச்சடித்த கட்டங்கள், "இன்று கர்த்தர் என்னோடு பேசியது" என்று ஒரு பெட்டி. காலியாக விட மனம் வராமல் எதையாவது இட்டுக்கட்டி நிரப்புவீர்கள். அதைவிட மோசம் அந்த வகுப்பு. "பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், ஜெபிக்கிறேன்" என்பார்கள். அந்தப் பக்கத்தில் உங்கள் கணவரின் கடன் இருக்கும், மகளின் கல்யாணக் கவலை இருக்கும். ஒரு வாரம் கழித்து அதையே "எனக்கு வெளிப்பட்டது" என்று தீர்க்கதரிசனமாகத் திருப்பிச் சொல்வார்கள். நீங்கள் எழுதியதுதானே அது! அதன் வாலைப் பிடித்துக்கொண்டு காணிக்கைக்கு வங்கிக் கணக்கு எண் வரும். நோட்டின் படம் யாருக்கும் போகக் கூடாது, உங்கள் போதகருக்கும்தான்.

பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கோடு போட்ட நோட்டு போதும். வேதாகமத் தாள் மெல்லியது, கலர் மார்க்கர் பின்பக்கம் தெரியும். பென்சிலால் கோடிடுங்கள்.

கட்டிய 50 வெள்ளியைத் திருப்பிக் கேளுங்கள். குரல் செய்தி வேண்டாம், எழுத்தில் கேளுங்கள், பணம் கட்டிய ரசீதின் படத்தையும் சேர்த்து. தராவிட்டால் குழுவிலிருந்து வெளியேறிவிடுங்கள். மீதி 130 வெள்ளியாவது உங்களிடம் இருக்கும்.