விசாவில் இருப்பவர் டவுன் கவுன்சிலில் பேசலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கணவர் எச்-1பி (வேலை விசா), நான் எச்-4 (அவருடைய மனைவி என்ற முறையில் கிடைத்த விசா). பையனின் பள்ளிக்கு முன்னால் சாலையைக் கடக்கச் சரியான வசதி இல்லை, கார்கள் பறக்கின்றன. டவுன் கவுன்சிலில் போய்க் கேட்கலாம் என்றால் "நாம விசாவில இருக்கோம், எதுக்கு வம்பு" என்கிறார் கணவர். எங்கள் தெருவில் உள்ள ஒரு தமிழர் கவுன்சில் தேர்தலில் நிற்கிறார். அவருக்கு 50 டாலர் கொடுக்கவும் ஆசை. இதெல்லாம் செய்யலாமா?

பதில்: கூட்டத்தில் பேசலாம். 50 டாலரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பணத்தை முதலில் முடித்துவிடுவோம், பலர் சறுக்கும் இடம் அதுதான். அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் மட்டுமே தேர்தல் நன்கொடை தரலாம். எச்-1பி, எச்-4, மாணவர் விசாவான எஃப்-1 எல்லாருக்கும் தடை. ஜனாதிபதி தேர்தல் முதல் உங்கள் ஊர் கவுன்சில் வரை அதே விதி, ஐந்து டாலரானாலும் அதே விதி. வேட்பாளருக்கு நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் வாங்குவதும் நன்கொடைக் கணக்கில்தான் சேரும். இங்கே பிறந்த பையன் குடிமகன்தானே, அவன் பெயரில் கொடுத்துவிடலாமே என்று யோசிப்பவர்களும் உண்டு. பணம் உங்களுடையது என்றால் அதுவும் தவறுதான். சம்பளம் வாங்காமல் வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுக்கலாம், போன் செய்து அவருக்காகப் பேசலாம். பிரச்சாரச் செலவு, வியூகம் பற்றிய முடிவுகளில் மட்டும் தலையிடாதீர்கள்.

அடுத்தது வாக்காளர் பட்டியல். நியூ ஜெர்சியில் 2018 முதல் டிரைவிங் லைசென்ஸ் அலுவலகத்திலேயே வாக்காளர் பதிவும் நடக்கிறது. "நீங்கள் அமெரிக்கக் குடிமகனா" என்ற கேள்விக்கு அவசரத்தில் ஆமாம் போட்டுவிட்டால் பிறகு கிரீன் கார்டுக்கே உலை வைத்துவிடும், ஏனென்றால் குடிமகன் என்று பொய்யாகச் சொல்வது குடியேற்றச் சட்டத்தில் கிட்டத்தட்ட மன்னிப்பே இல்லாத குற்றம். பின்னாளில் குடியுரிமைக்கு நிரப்பும் என்-400 படிவத்திலும் எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, வாக்களித்தீர்களா என்று தனியாகக் கேட்பார்கள். உங்கள் தெருக்காரர் வேட்பு மனுவில் ஆதரவுக் கையெழுத்து கேட்டு வந்தாலும் போடாதீர்கள், அது வாக்காளர்கள் போட வேண்டியது.

வாக்கும் பணமும் தவிர மற்றதில் பெரும்பாலானவற்றுக்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஊர் கவுன்சிலும் ஸ்கூல் போர்டும் தங்கள் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது நியூ ஜெர்சி சட்டம். பெயரையும் முகவரியையும் கேட்பார்கள், விசாவைக் கேட்க மாட்டார்கள். உங்கள் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் அலுவலகத்துக்கும் எழுதலாம். உங்கள் வேலை அனுமதி மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தால் அவர்கள் குடியேற்றத் துறையிடம் விசாரித்துச் சொல்வார்கள், அதற்கு ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். இது தெரியாமல் வக்கீலுக்குக் கொட்டிக் கொடுப்பவர்கள் ஏராளம்.

உங்கள் கணவரின் பயம் வெறும் பயம் என்று சொல்லமாட்டேன். 2025-இல் பாலஸ்தீன ஆதரவுப் போராட்டங்களில் இருந்த வெளிநாட்டு மாணவர்கள் சிலரைக் கைது செய்தார்கள், கிரீன் கார்டு வைத்திருந்தவரும் அதில் சிக்கினார். பெரிய அரசியல் போராட்டம் என்றால் முதலில் ஒரு குடியேற்ற வக்கீலிடம் பேசிவிட்டுப் போங்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வெள்ளைக்கோடு கேட்பதை அதோடு சேர்க்க வேண்டியதில்லை.

"விசாவில் இருப்பவருக்கு எதுக்கு வம்பு" என்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது தலீப் சிங் சௌந்த் கதை. பஞ்சாபில் பிறந்தவர், 1920-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார், கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார், கடைசியில் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்த்தார். 1923-இல் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, அதனால் குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. உங்களுக்காவது கிரீன் கார்டு வரிசை நீளம் என்றுதான் குறை, சௌந்துக்கு வரிசையே கிடையாது. அப்படியும் அவர் சும்மா இருக்கவில்லை. இந்தியர் சங்கம் ஒன்றை நடத்திக்கொண்டு குடியுரிமைச் சட்டத்தை மாற்றச் சொல்லிப் பாடுபட்டார், நியூயார்க்கில் ஜே.ஜே. சிங் என்ற வியாபாரி வாஷிங்டன் அரசியல்வாதிகளை விடாமல் துரத்தினார். 1946-இல் இந்தியரும் குடியுரிமை பெற வழிவிட்ட லூஸ்-செல்லர் சட்டம் வந்தது. 1949-இல் சௌந்த் குடிமகன் ஆனார். அடுத்த வருடமே உள்ளூர் நீதிபதி தேர்தலில் நின்று ஜெயித்தார், குடிமகனாகி ஒரு வருடம் முடியவில்லை என்று பதவியைத் தரவில்லை. 1952-இல் திரும்ப நின்று வாங்கினார். 1956-இல் அமெரிக்கக் காங்கிரசுக்கே தேர்வானார், ஆசிய வம்சாவளியில் அவர்தான் முதல் ஆள். வாக்காளர் பட்டியலில் பெயர் வராத காலத்தில் அவர் செய்த வேலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிறகு வந்த எத்தனையோ இந்தியர்கள் குடியுரிமை வாங்கியது அந்தச் சட்டம் திறந்த வழியில்தான். சென்னையில் பிறந்து, பதினாறு வயதில் தனியாக இங்கே படிக்க வந்து, 2000-இல் குடிமகளாகி, 2016-இல் காங்கிரசுக்குத் தேர்வான பிரமிளா ஜெயபாலும் அந்த வழியில் வந்தவர்தான்.

சரி, உங்கள் சாலைக்கு வருவோம். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் ஊர் இணையதளத்தில் இருக்கும். பேச மூன்று அல்லது ஐந்து நிமிடம் தருவார்கள், எழுதி எடுத்துப் போங்கள். குறையை மட்டும் சொல்லாமல் என்ன வேண்டும் என்று கேளுங்கள்: வெள்ளைக்கோடா, விளக்கா, காலையில் நின்று பிள்ளைகளைச் சாலை கடக்கவைக்க ஒரு ஆளா. காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் இருக்கும் நெரிசலைப் போனில் படமெடுத்து வையுங்கள், இன்னும் நாலு அம்மாக்களைக் கூட்டிப் போங்கள், தெலுங்கோ ஸ்பானிஷோ யாராயிருந்தாலும் சரி. போகுமுன் அந்தச் சாலையில் நீல நிற ஐங்கோணப் பலகையில் மஞ்சள் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) சாலை, அதில் கோடு போடும் அதிகாரம் ஊர் கவுன்சிலுக்கு இல்லை. கவுண்டி கமிஷனர்கள் கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள், ஊர் கவுன்சிலிடம் ஒரு ஆதரவுத் தீர்மானம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.