ஒன்டாரியோ ஏரியில் எப்போது இறங்கலாம்? திருவிடைமருதூரிலிருந்து புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஆனி பிறந்ததும் மனைவி, மகளோடு டொரன்டோ வந்து சேரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். காவிரியில் நீந்தி வளர்ந்த உங்களுக்கு ஸ்கார்பரோ பக்கத்து ஏரிக்கரை எந்த மாதத்தில் நீந்தத் தக்கதாக இருக்கும் என்றும், பிறகு வரவிருக்கும் தந்தையார் ஐப்பசியில் அந்த நீரில் துலாஸ்நானம் செய்ய இயலுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் மயிலாடுதுறைக்காரன்தான், இந்த ஏரிக்கரையில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆடி நடுவிலிருந்து ஆவணி மூன்றாம் வாரம் வரை, அதாவது ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை, ஒன்டாரியோ ஏரியின் டொரன்டோ கரையோர நீர் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அதுவே இங்கு நீச்சலுக்கு உகந்த பருவம். நீங்கள் வந்து இறங்கும் ஜூன் நடுவில் வெயில் 28 டிகிரி அடிக்கலாம். மக்கள் கரையெங்கும் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள். ஆனால் தண்ணீர் 12 டிகிரியிலேயே நிற்கலாம். மே மாதத்தில் 10 டிகிரியைக்கூட எட்டாத நாட்களே மிகுதி. இந்த ஏரியை முதன்முதலாக நீந்திக் கடந்த மரிலின் பெல் என்ற 16 வயதுப் பெண்ணும் அதற்கு 1954 செப்டம்பரில்தான் இறங்கினார்.

காற்றின் சூட்டுக்கும் நீரின் குளிருக்கும் இத்தனை இடைவெளி எப்படி என்பதை நீங்கள் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். கோடையில் கோயில் குளத்தில் மார்பளவு நீரில் நிற்கும்போது மேல்நீர் வெதுவெதுப்பாகவும் காலடி நீர் சில்லென்றும் இருப்பதை அறிந்திருப்பீர்கள். இங்கும் நடப்பது அதுவே, அளவுதான் வேறு. ஏறத்தாழ 311 கிலோமீட்டர் நீளமும் 85 கிலோமீட்டர் அகலமும் கொண்ட இந்த ஏரியின் சராசரி ஆழம் 86 மீட்டர். மிக ஆழமான இடத்தில் 244 மீட்டர். நன்னீர் 4 டிகிரியில்தான் மிகுந்த அடர்த்தி பெறுகிறது. ஆகவே வசந்தத்தில் மேல்நீர் 4 டிகிரியை எட்டும் வரையில் அது கீழே இறங்கிக் கலந்துகொண்டே இருக்க, அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பும் முழுதாகச் சூடேற வேண்டியிருக்கிறது. அதைத் தாண்டிய பின்னரே இலேசான வெந்நீர்ப் படலம் ஒன்று மேலே தங்கத் தொடங்கும். ஆகஸ்டிலும் அந்தப் படலம் சில மீட்டர் முதல் இருபது மீட்டர் வரையில்தான். அதற்கடியில் மார்கழிக் குளிரைவிடக் கடுமையான நீர் கோடை முழுவதும் கிடக்கிறது.

அந்த அடிநீர் அடியிலேயே இருந்துவிடாது என்பதுதான் நம் பக்கத்திலிருந்து வருபவர்கள் அறியாதது. மேற்கிலிருந்து பலத்த காற்று தொடர்ந்து வீசினால், பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றின் திசைக்கு வலப்பக்கமாக, அதாவது தெற்கே, விலகிச் செல்கிறது. டொரன்டோ வடகரையில் இருப்பதால் வெந்நீர் நம்மை விட்டு அகல, அந்த வெற்றிடத்திற்கு அடியிலிருந்து குளிர்நீர் ஏறி வருகிறது. நேற்று 21 டிகிரியாக இருந்த கரை இன்று 10 டிகிரிக்கு இறங்கிவிடும். அன்றைய வானம் தெளிவாகவும் வெயில் சுள்ளென்றும் இருக்கலாம் என்பதால் கரையில் நிற்பவருக்கு எந்தத் தடயமும் தெரியாது. கிழக்குக் காற்று வீசினால் இதற்கு நேர்மாறாக வெந்நீர் நம் கரையில் வந்து ஒதுங்கும். ஆகையால் மாதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், முந்தைய இரண்டு நாட்களின் காற்றுத் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்டாரியோ உள்ளிட்ட ஐம்பேரேரிகளின் மேற்பரப்பு வெப்பநிலையை அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வுத் துறை செயற்கைக்கோள் வழியாக நாள்தோறும் வரைபடமாக வெளியிடுகிறது. ஆனால் நடு ஏரியின் அளவு கரைக்குப் பொருந்தாத நாட்கள் உண்டு. கயிற்றில் கட்டிய ஒரு தண்ணீர் வெப்பமானி விலை மலிவு. அதை நான் பையிலேயே வைத்திருக்கிறேன்.

உங்கள் நீச்சல் திறமையை நான் ஐயப்படவில்லை. ஷட்டர் திறந்த ஆற்றில் எதிர்நீச்சல் போட்ட கைகளுக்கு அலை பெரிதல்ல. எனினும் 15 டிகிரிக்குக் குறைந்த நீரில் திடீரென விழும் உடல், நம் விருப்பத்தைக் கேட்காமல் ஒரு பெருமூச்சை உள்ளிழுக்கும். அந்தக் கணத்தில் தலை நீருக்குள் இருந்தால், காற்றுக்குப் பதிலாக நீர் நுரையீரலுக்குள் போகும். படித்துறையிலிருந்தும் மதகுக் கட்டையிலிருந்தும் தலைகுப்புறப் பாய்ந்து பழகிய நமக்கு இதுதான் பெரிய ஆபத்து. பனிக்கட்டி போன்ற நீரில் விழுந்தவர்களுக்காக மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் ‘1-10-1’ என்றொரு கணக்கை வகுத்திருக்கிறார்: பதறும் மூச்சு சீராக 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி அசைவது 10 நிமிடம் வரை, உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். கைகால்கள் ஓய்ந்த பின் மிதவைச் சட்டை இல்லாதவருக்கு அந்த மூன்றாவது அளவு கிடைப்பதில்லை. எனவே நடந்தே இறங்குங்கள். முகத்தையும் பிடரியையும் முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். மூச்சு சீராகும் வரை இடுப்பளவு நீரில் நில்லுங்கள். பிறகு கரைக்கு இணையாக, கால் நிலைக்கும் ஆழத்திலேயே நீந்துங்கள். கரையேறிய பின்னும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் குறைந்துகொண்டே போகும் என்பதால், உடனே துவட்டிக் கம்பளி உடை அணிந்துகொள்ள வேண்டும்.

ஸ்கார்பரோவிலிருந்து அருகில் உள்ளது ப்ளஃபர்ஸ் பார்க் ஏரிக்கரை. கோடையில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். நீரின் தூய்மையை நகராட்சி நாள்தோறும் சோதித்து அறிவிக்கிறது: 100 மில்லிலிட்டரில் 100 ஈ.கோலி கிருமிகளுக்கு மேல் இருந்தால் இறங்க வேண்டாம் என்பது அதன் வரம்பு. நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் செல்வதால், பெருமழைக்குப் பின் இரண்டு நாட்கள் எந்தக் கரையிலும் இறங்காதீர்கள். மேட்டூர் திறந்ததும் வருகிற புதுவெள்ளத்தின் செந்நிறத்தைக் கண்டு நாம் அஞ்சியதில்லை. இங்கே மழைக்குப் பின் வரும் கலங்கலை அப்படி எண்ண வேண்டாம்.

மகள் இங்கே நகராட்சியின் உள்ளரங்கக் குளங்களில் கற்றுக்கொள்ளட்டும். ஆழத்தில் புரண்டு விழுந்து எழுதல், 1 நிமிடம் மிதத்தல், 50 மீட்டர் நீந்துதல் ஆகிய மூன்றும் கனடாவில் குறைந்தபட்ச உயிர்காப்புத் தகுதியாகக் கற்பிக்கப்படுகின்றன. அவற்றை முடிக்கும் வரை ஏரியில் உங்கள் கைக்கெட்டும் தூரத்தை விட்டு அவளை விடாதீர்கள்.

தந்தையாரைப் பற்றிய கேள்விக்கு என் பதில், ஐப்பசியில் வேண்டாம் என்பதே. துலாக் கட்டத்தில் விடியற்காலையில் முங்கிய எனக்கு அவருடைய ஏக்கம் நன்றாகவே புரிகிறது. ஆயினும் அந்த மாதத்தில் இங்கே நீர் 10 டிகிரி அளவில் இருக்கும். அந்தக் குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுவதை முதிய இதயம் தாங்கும் என்று யாரும் உறுதி தர இயலாது. விசாவுக்கு இப்போதே விண்ணப்பித்து, ஆவணி முதல் வாரத்திற்குள் அவர் வந்து சேரும்படி ஏற்பாடு செய்யுங்கள். மருத்துவர் ஒப்புக்கொண்டால், கிழக்குக் காற்று அடித்து ஓய்ந்த ஒரு நாளில், உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தில், ப்ளஃபர்ஸ் பார்க்கில் நீங்கள் கைபிடித்து இறக்க அவர் முழங்கால் ஆழத்தில் அமர்ந்து மும்முறை முங்கி எழலாம். ஐப்பசிக்கு, வீட்டில் வெந்நீரில் அவர் சங்கல்பம் செய்து குளிக்கட்டும்.