வாசகர் கேள்வி – பதில்: மான்செஸ்டர் கஃபே ருசி

கேள்வி: 1950-களில் மான்செஸ்டரில் படித்த என் தாத்தா, “அந்த ஊர் கஃபே டீ லண்டனில்கூடக் கிடைக்காது” என்பார். இலை ஒன்றுதானே, ருசி எப்படி மாறும்?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சிறுவாணித் தண்ணீரில் போட்ட டீயையும் போர் தண்ணீரில் போட்ட டீயையும் குடித்துப் பார்த்தவர்தானே நீங்கள்? அதே கதைதான். மான்செஸ்டருக்கு 1894 முதல் தேர்ல்மியர் ஏரித் தண்ணீர், சுமார் 154 கிலோமீட்டர் தூரம், பம்பு இல்லாமல் சரிவிலேயே ஓடி வருகிறது. கெட்டிப் பாறைமேல் விழுந்த மழைநீர் என்பதால் சுண்ணாம்பு மிகக் குறைவு. லண்டன் தண்ணீரோ சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வருவது. அந்தச் சுண்ணாம்பின் கால்சியம் இருக்கும்போது டீயின் துவர்ப்புப் பொருள்களான பாலிஃபினால்கள் காற்றோடு சேர்ந்து மேலே பழுப்பு ஏடு கட்டும். கோப்பை விளிம்பில் ஒட்டுவதும் அதுதான். நிறமும் மங்கிவிடும்.

உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் ஒரு வழி: தண்ணீரை ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். வெண்மையாகக் கீழே படிவதைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் எடுத்து மறுபடி கொதிக்க விடுங்கள். எல்லா உப்பும் போகாது. ஏடு கட்டுவது நன்றாகக் குறையும். லிட்டருக்கு 10 கிராம் சிறுதூள், முன்பே சூடாக்கிய கெட்டிலில் 4 நிமிடம் ஊறட்டும். பிறகு வடிகட்டியே ஆகவேண்டும். இலையோடு அரை மணி கிடந்த டீயைப் பழைய கஃபேக்களும் தாராளமாக ஊற்றியிருக்கின்றன. ஏக்கத்தில் அந்தக் கசப்பை யாரும் சொல்வதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டனில் 1940 ஜூலை முதல் 1952 அக்டோபர் வரை டீத்தூள் ரேஷன். தொடக்கத்தில் ஆளுக்கு வாரம் சுமார் 57 கிராம். கஃபேயில் குடித்தால் கூப்பன் வேண்டாம். ஆக, தாத்தா அந்த அக்டோபருக்கு முன்பே மான்செஸ்டர் போயிருந்தால், கஃபே டீ அமுதமாக இருந்ததில் வியப்பில்லை.

கேள்வி: அந்தக் கால காபி பார்களில் கண்ணாடிக் கோப்பையில் கொடுத்த நுரைக் காபி, நம் டபரா காபி மாதிரியா? வீட்டில் போட முடியுமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நுரை வேறு. நாம் தூக்கி ஆற்றும்போது காற்று பெரிய குமிழாகப் புகுகிறது, சீக்கிரம் உடைகிறது. அங்கே இத்தாலிய காஜியா மெஷினின் நீராவிக் குழாய் பாலுக்குள் பொடிக் குமிழ்களை அடித்தது. 1953-இல் லண்டன் சோஹோவில் மோக்கா பார் திறந்தபின் இந்த மோகம் வடக்கு நகரங்களுக்கும் பரவியது. கோப்பை பல இடங்களில் சண்டர்லாந்தில் செய்த, சூடு தாங்கும் பைரெக்ஸ் கண்ணாடி.

மெஷின் இல்லாவிட்டால் பிரெஞ்சு பிரஸ் (அழுத்தி வடிகட்டும் காபிக் குடுவை) போதும். ஃப்ரிட்ஜ் பால் 150 மில்லியை 60–65 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் ஊற்றி, அழுத்தியை 25 தடவை மேலும் கீழும் அடியுங்கள். அரை நிமிடம் விட்டு, பாத்திரத்தை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் பெரிய குமிழ்கள் போய்விடும். கோப்பையில் 40 மில்லி டிகாக்‌ஷன், அதன்மேல் பால். 70 டிகிரியைத் தாண்டினால் நுரை நிற்காது, காய்ச்சிய வாடை வந்துவிடும். நம் வீட்டில் பால் பொங்கினால்தான் திருப்தி. பலருக்கும் நுரை வராததற்கு அதுவே காரணம்.

கேள்வி: ‘டோஸ்டட் டீகேக்’ என்பது கேக்கா, பன்னா? அளவு சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உலர்திராட்சை போட்ட பன்தான். ஆனால் மேற்கு யார்க்‌ஷயரில் வெறுமனே டீகேக் என்றால் திராட்சை இல்லாத சாதா பன் வரும். ‘கரண்ட் டீகேக்’ என்று கேட்க வேண்டும். கரண்ட் என்றால் சிறிய கறுப்பு உலர்திராட்சை.

எட்டு பன்னுக்கு: ரொட்டி மாவு 500 கிராம், வெதுவெதுப்பான பால் 300 மில்லி, வெண்ணெய் 50, சர்க்கரை 50, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7, உப்பு 8, சிறிய கறுப்பு உலர்திராட்சை 100 கிராம். பத்து நிமிடம் பிசைந்தபின் திராட்சையைச் சேர்த்து, இரட்டிப்பாகும்வரை மூடி வையுங்கள். எட்டாகப் பிரித்து, உள்ளங்கை அகல வட்டமாகத் தட்டி, மேலே துருத்தும் திராட்சைகளை உள்ளே அழுத்திவிடுங்கள். இல்லையென்றால் கருகிக் கசக்கும். இன்னும் 40 நிமிடம் உப்பவிட்டு, 200 டிகிரியில் 15–18 நிமிடம். வெளியே எடுத்ததும் துணி போட்டு மூடினால் தோல் மிருதுவாகும். பால் கை சுடும் சூட்டில் இருந்தால் ஈஸ்ட் செத்துவிடும், பன் கல்தான்.

ஆறியபின் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தை மட்டும் டோஸ்ட் செய்து, சூட்டோடு வெண்ணெய் தடவ வேண்டும். வெண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது.

கேள்வி: ரம்ஜானுக்கு இங்கே குடிக்கும் விம்டோ மான்செஸ்டர் சரக்காமே?
– ஒரு வாசகர், துபாய்

பதில்: ஆமாம். 1908-இல் ஜான் நோயல் நிக்கல்ஸ் அங்கே தயாரித்த டானிக். கிரான்பி ரோவில் மரத்தில் செதுக்கிய பெரிய விம்டோ பாட்டிலே நிற்கிறது. வடக்குக் கஃபேக்களில் குளிர்காலத்துக்கு அதைச் சூடாகக் கொடுப்பார்கள்: ஒரு பங்கு சிரப், நான்கு பங்கு வெந்நீர். உங்கள் ஊர் பாட்டில் இன்னும் இனிப்பு, ஆறு பங்கு ஊற்றலாம். சிரப்பை அடுப்பில் வைக்காதீர்கள்.

கேள்வி: மகனைப் பார்க்க மான்செஸ்டர் போகிறோம். பழைய கஃபே ஒன்றையாவது பார்க்க முடியுமா?
– ஒரு தம்பதியர், மதுரை

பதில்: ரயிலில் சுமார் ஒன்றரை மணியில் யார்க் நகரம். அங்கே செயின்ட் ஹெலன்ஸ் சதுக்கத்தில் பெட்டீஸ் என்ற பழைய கஃபே இருக்கிறது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஃப்ரெடரிக் பெல்மான்ட் 1919-இல் ஹாரகேட்டில் தொடங்கிய கடை. 1936-இல் குயின் மேரி கப்பலின் முதல் பயணத்தில் போனவர், அதன் அலங்காரத்தில் மயங்கி, யார்க் கிளையை அதே பாணியில் கட்டினார். கடைப் பெயரில் வரும் பெட்டி என்பவர் யார் என்பது இன்றுவரை புதிர். வார இறுதியில் வரிசை நீளும். வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானப்படை இளைஞர்கள் வைரமுனைப் பேனாவால் பெயர் கீறிய முகம் பார்க்கும் கண்ணாடி கீழ்த்தளத்தில் இருக்கிறது. மேலே டீ குடித்துவிட்டு அப்படியே கிளம்பிவிடாமல், கீழே இறங்கிப் பாருங்கள்.