கார் இன்ஜினை ஜெட் படகில் வைக்கலாமா?

கேள்வி: கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறேன். பழைய அலுமினியப் படகு ஒன்று வாங்கினேன். தண்ணீரை இழுத்துப் பின்னால் பீய்ச்சிப் படகைத் தள்ளும் ஹாமில்டன் ஜெட் நன்றாக இருக்கிறது, ஆனால் இன்ஜினில் தேங்கிய தண்ணீர் குளிரில் உறைந்து பிளாக் வெடித்துவிட்டது. டொயோட்டாவின் 1யூஇசட் வி8 இன்ஜின் ஒன்றை, "படகுக்கு ரெடி" என்று சொல்லி ஒரு தரகர் விற்கிறார். மொத்த பட்ஜெட் 3,000 டாலர். அப்படியே பொருத்திவிடலாமா?

பதில்: பொருத்தலாம், ஆனால் அப்படியே அல்ல. 3,000 டாலரையும் இன்ஜினுக்கே கொடுத்துவிட்டால் உங்கள் படகு தண்ணீரைப் பார்க்காது.

நியூசிலாந்தின் ஆழமில்லாத ஆறுகளுக்காக பில் ஹாமில்டன் 1950-களில் ஜெட் படகை உருவாக்கிய நாளிலிருந்தே கார் இன்ஜினுக்கு அதில் இடம் உண்டு. கியர்பாக்ஸ் தேவையில்லை என்பது பெரிய மிச்சம். பின்னால் போக வேண்டுமென்றால், ஜெட்டின் வாயில் ஒரு வாளி போன்ற மூடி இறங்கித் தண்ணீரை முன்பக்கம் திருப்பிவிடும், அவ்வளவுதான்.

முதலில் தரகர் விஷயம். "படகுக்கு ரெடி" என்றால் பெரும்பாலும் கழுவிப் பெயின்ட் அடித்த இன்ஜின் என்று அர்த்தம். "கழற்றும்போது நன்றாக ஓடியது" என்பார்கள், எல்லோரும் சொல்வதுதான். ஓடுவதைக் கண்ணால் பாருங்கள், கம்ப்ரஷன் (சிலிண்டர்களின் உள்ளழுத்தம்) அளக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் கிளம்பிவிடுங்கள். தனி இன்ஜினைவிட ஹாஃப்கட், அதாவது வெட்டியெடுத்த காரின் முன்பாதி, வாங்குவது மேல். வயரிங், கம்ப்யூட்டர், சென்சார் எல்லாம் ஒன்றாக வரும். இவற்றைத் தனித்தனியாகத் தேடி வாங்கவைத்துத்தான் தரகர்கள் இரண்டாம் முறை சம்பாதிக்கிறார்கள். பிற்கால மாடல் என்றால் சாவியையும் கேட்டு வாங்குங்கள். இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்பூட்டு) இருந்தால் சாவியில்லாமல் ஸ்டார்ட் ஆகாது.

"250 குதிரைத்திறன்" என்ற பேச்சிலும் மயங்காதீர்கள். ஜெட்டுக்குள் தண்ணீரைத் தள்ளும் விசிறியான இம்பெல்லர் சுற்றும் வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். கார் இன்ஜின் முழுச் சக்தியைத் தருவது நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேலே. உங்கள் ஜெட்டின் இம்பெல்லர் அதுவரை சுற்றவிடாவிட்டால் மிச்சக் குதிரைகள் லாயத்திலேயே நிற்கும். ஜெட்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, இம்பெல்லர் பொருந்துமா என்று கேட்ட பிறகு இன்ஜினுக்கு முன்பணம் கொடுங்கள்.

காசு போகும் இடம் எக்ஸாஸ்ட். காரில் காற்று பட்டு ஆறும் மேனிஃபோல்டு (இன்ஜின் புகையைத் திரட்டும் குழாய்), படகின் மூடிக்குள் கொதிக்கும். தண்ணீர் சுற்றி ஓடும் இரட்டைச் சுவர் மேனிஃபோல்டுதான் வேண்டும். இன்ஜினுக்குள் ஆற்றுத் தண்ணீரை நேரடியாக விடாதீர்கள். அலுமினிய பிளாக்கை அது அரிக்கும், ரக்காயா, வைமக்கரிரி ஆறுகளின் வண்டல் அடைத்துக்கொள்ளும். உள்ளே கூலன்ட், வெளியே ஆற்றுத் தண்ணீர் என்று ஹீட் எக்ஸ்சேஞ்சர் வையுங்கள்.

இனிச் சொல்வது உயிர் விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும். காரின் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் இரண்டிலும் தீப்பொறி வெளியே வரலாம். ஆகவே பொறி வெளியேறாத மரைன் வகை, அதாவது படகுக்கென்றே செய்ததுதான் வேண்டும். 1யூஇசட்டில் ஸ்டார்ட்டர், காற்றை உள்ளே விடும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், இரண்டு சிலிண்டர் வரிசைக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. மாற்றுவது லேசான வேலை அல்ல, மரைன் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு இன்ஜினை வாங்குங்கள். ஆவியை வெளியேற்றும் புளோவர் விசிறி கட்டாயம், ஸ்டார்ட் செய்யும் முன் குறைந்தது நான்கு நிமிடம் ஓட வேண்டும்.

விலை குறைவு என்று யாராவது பழைய ஹோண்டாவைக் காட்டினால் கவனம். பி, டி, எஃப், எச் வரிசை ஹோண்டாக்கள் மற்றக் கார்களுக்கு எதிர்த்திசையில் சுற்றுபவை. காரில் கியர்பாக்ஸும் அதற்கேற்ப இருப்பதால் யாருக்கும் தெரியாது. இங்கே கியர்பாக்ஸே இல்லை, இம்பெல்லரும் தலைகீழாகச் சுற்றும். பேட்டரி வயரை மாற்றினால் திசை மாறும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். மாறாது. கேம் ஷாஃப்ட், ஆயில் பம்ப் எல்லாமே ஒரே திசைக்காகச் செய்தவை. பின்னால் வந்த கே வரிசைக்கு இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் டொயோட்டாவுக்கும் இல்லை.

இதையெல்லாம் யார் பரிசோதிப்பார்கள் என்று கேட்பீர்கள். யாருமில்லை! காரில் ஒரு பல்பு எரியாவிட்டால் வாரன்ட் ஆஃப் ஃபிட்னஸ் என்ற பாதுகாப்புச் சான்று கிடையாது. பெட்ரோலும் வெப்பமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் சொந்தப் படகைப் பார்க்க ஆள் இல்லை, விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் மட்டும் வருவார். ஆனால் வேகத்துக்கு மட்டும் விதி உண்டு. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வேகம்தான். பாதி ஆறுகள் அவ்வளவு அகலமே இல்லை, அந்த வேகத்தில் ஜெட் படகு தண்ணீருக்கு மேல் எழும்பவும் எழும்பாது. விலக்கு அளித்த பகுதிகள் உண்டு, ஆனால் அதை ஒவ்வொரு வட்டாரக் கவுன்சிலும் தன் விருப்பப்படி எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் ஓட்டப்போகும் ஆற்றுக்கு எது பொருந்தும் என்று கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.