ஒன்றரை மடங்கு வேகத்தில் பயம் வராது

அன்புள்ள ஐயா,

விடுதி அறையில் ரத்தம் தெறிக்கும் பேய்ப் படங்களை விடாமல் பார்ப்பவன் நான். நீங்கள் சொன்னதற்காக இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' பார்த்தேன். ஒரே இழுவை. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் முடித்தேன். குளியலறைக் கொலைகூடப் பயம் தரவில்லை, ஓரிடத்தில் சிரிப்பு வேறு வந்தது. ரத்தம் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு மரத்துப்போய்விட்டதா?

கதிர்

அன்புள்ள கதிர்,

மனசு மரத்துப்போனவர் இப்படிக் கவலைப்பட்டுக் கடிதம் எழுதமாட்டார். நிம்மதியாகத் தூங்குங்கள். ரத்தப் படங்கள் மேல் எனக்குப் புகார் கிடையாது. 1987இல் வந்த 'ஈவில் டெட்' இரண்டாம் பாகத்தில் நாயகனின் சொந்தக் கையே அவன் தலையில் தட்டுகளை உடைக்கிறது. அதற்குச் சிரிக்காமல் இருக்க முடியுமா? 'சைக்கோ'வையே வேடிக்கைப் படமாக நினைத்துத்தான் எடுத்தேன் என்று ஹிட்ச்காக் சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கோபம் அந்த ஒன்றரை மடங்கு வேகத்தின் மேல்தான். யார் கொடுத்த உரிமை அது?

குளியலறைக் காட்சி ஏறக்குறைய முக்கால் நிமிடம். எடுக்க ஒரு வாரம் ஆனது. கறுப்பு வெள்ளையில் ரத்தமாக ஓடுவது சாக்லேட் பாகு. எல்லோரும் இதையே பேசுகிறோம். அதற்கு அப்புறம் வருவதைப் பார்த்தீர்களா? மோட்டல் நடத்தும் நார்மன் வாளியும் துடைப்பமுமாக வருகிறான். கையைக் கழுவுகிறான், தொட்டியைத் துடைக்கிறான், உடலைத் திரைச்சீலையில் சுற்றிக் காரின் டிக்கியில் வைக்கிறான். பல நிமிடங்களுக்குப் பேச்சே இல்லை. கொலையான நாயகி மேரியன் திருடிய பணம் செய்தித்தாளுக்குள் இருக்கிறது. அது தெரியாமலே அதையும் டிக்கியில் எறிகிறான். பிறகு காரைச் சதுப்புக் குட்டையில் தள்ளிவிட்டு, எதையோ கொறித்தபடி பார்த்துக்கொண்டு நிற்கிறான். முக்கால்வாசி மூழ்கிய கார் அப்படியே நின்றுவிடுகிறது. அவன் அக்கம்பக்கம் பார்க்கிறான்.

ஒரு திரைப்படச் சங்கத்தில் இதைப் பார்த்தபோது பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். கார் நின்றதும் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு "போ... போயிடு" என்றார். கார் உள்ளே போனது. அரங்கமே மூச்சு விட்டது, சிலர் சிரித்தார்கள். அந்த அம்மாதான் கொஞ்சம் கழித்து, "ஐயோ, அந்தப் பொண்ணு அதுக்குள்ள இருக்காளே" என்றார். அவர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. முக்கால் மணி நேரம் நாம் மேரியனோடு இருந்தோம். அவள் போலீஸ்காரரைப் பார்த்துப் பதறியபோது நாமும் பதறினோம். இப்போது அவள் உடலை ஒளிப்பவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று தவிக்கிறோம். இதைவிட எனக்குப் பயம் தந்தது எதுவும் அந்தப் படத்தில் இல்லை. ஒரு சொட்டு ரத்தமும் அங்கே கிடையாது.

கார் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று படத்தொகுப்பாளர் ஜார்ஜ் தொமாசினியும் ஹிட்ச்காக்கும் கணக்குப் பார்த்து வைத்ததை நீங்கள் கட்டைவிரலால் வெட்டிவிட்டீர்கள். கத்திக்குத்து எந்த வேகத்திலும் கத்திக்குத்துதான், காத்திருப்பு அப்படியில்லை. மேரியன் கார் ஓட்டிக்கொண்டே போகும் அந்த நீளமான பகுதியையும் ஓட்டிவிட்டு, அவள் செத்தபோது ஒன்றும் தோன்றவில்லை என்றால் எப்படித் தோன்றும்? அவளோடு நீங்கள் பயணம் செய்யவே இல்லையே!

விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் வீட்டில் யாரையாவது கூட உட்காரவைத்து, படத்தின் இயல்பான வேகத்தில் முழுதாகப் பாருங்கள். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். அப்புறம், எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று நீங்கள் சொல்லவே இல்லை. அதை எழுதுங்கள்.